நான்கு லெட்சுமிகள்

நம்முடைய தோட்டக் கம்பெனியின் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பதுளை ஆபீசிலிருந்து கேட்டார்கள். ஓய்வு பெற்ற ஆளிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. பேச ஆள் கிடைக்காதவன், கேட்ட மாத்திரத்தில் நாற்பது பக்கம் எழுதிவிடுவான். நான் அவ்வளவு எழுதப்போவதில்லை. ஒரே ஒரு பட்டனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பேக்கப் எடுங்கள், பாஸ்வேர்டை எழுதி மேசையில் ஒட்டிவைக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லித் தந்திருப்பார்கள். மின்னல் காலத்தில் வயரைக் கழற்றி வைக்க வேண்டும் என்பதைத் தோட்டத்துக்குப் போன முதல் வருஷத்திலேயே நீங்களாகக் கற்றுக்கொள்வீர்கள், ஒரு மெஷின் கருகின பிறகு. நான் சொல்லப்போவது என்னுடைய கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி. அதனால் ஒரு மனுஷிக்குக் கிடைக்க வேண்டிய வீடு கைநழுவப் பார்த்தது.

என் கடைசி மூன்று வருஷ வேலை பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில். நான் பூனாகலைப் பக்கத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன், படித்தது பதுளையில். லயத்திலிருந்து படித்து உத்தியோகத்துக்கு வந்தவனுக்கு ஒரு விசேஷ மரியாதை உண்டு. லயத்துச் சனங்களுக்கு நான் ‘கம்பியூட்டர் ஐயா’. என்னைக் கண்டால் பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார்கள். குவார்ட்டர்ஸில் இருக்கிற உத்தியோகத்தர்களுக்கோ நான் லயத்து ஆள். கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள், சும்மா பேசிக்கொண்டிருக்கக் கூப்பிட மாட்டார்கள். மனைவி இருந்தவரை இதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. அவள் போனபிறகு, காலையில் ஆபீசைத் திறந்து மெஷினைப் போட்டதும் திரையில் வருகிற ‘வணக்கம்’தான் அன்றைக்கு எனக்குக் கிடைக்கும் முதல் வணக்கமாக இருந்தது. பல நாள் அதுவே கடைசி வணக்கமும்.

இந்த நிலைமையில்தான் அந்தச் சோதனைப் பதிப்பு வந்தது. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளில் புதிதாக ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. வெளியிடுவதற்கு முன்னால் விருப்பமுள்ளவர்கள் போட்டுப் பார்த்துக் குறை நிறை சொல்லலாம் என்றும், தமிழ் தெரிந்தவர்கள் தேவை என்றும் அறிவித்திருந்தார்கள். தமிழ் தெரிந்தவர்கள் தேவை! என் தமிழை யாராவது தேவை என்று சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. உடனே பெயரைப் பதிந்துவிட்டேன்.

‘அன்றாட வேலைக்குப் பயன்படும் கணினியில் இதைப் போடாதீர்கள்’ என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் எழுதியிருந்தது. நம் பிரிவின் சட்டமும் அதுதான். ஆனால், என்னிடம் இருந்த உபரி மெஷின் சித்திரை மின்னலில் போய்விட்டது. குவார்ட்டர்ஸில் சிக்னல் கிடையாது. அதனால் ஆபீஸ் மெஷினிலேயே போட்டேன். இவை காரணம் இல்லை, சாக்கு. உண்மைக் காரணம், எங்கோ கண்காணாத தேசத்தில் ஒருவன் நான் எழுதுவதைப் படிப்பான் என்ற நினைப்பு. அந்த நினைப்புக்காக நான் அப்போது எதையும் செய்திருப்பேன்.

புதுப் பதிப்பின் பெருமையே அதில் இருந்த தமிழ்ப் பிழைதிருத்திதான். எந்த இடத்தில் தட்டினாலும், பிழை என்று அது நினைத்த சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு இழுக்கும். ‘அனைத்தையும் திருத்து’ என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் பக்கம் முழுவதும் ஒரே நொடியில் சுத்தமாகிவிடும். முதல் வாரத்திலேயே அது தன் கைவரிசையைக் காட்டியது. தோட்டங்களில் காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்போம். மறுநாள் பெரட்டு அரை மணி முந்தி நடக்கும் என்று ஓர் அறிவித்தல் தட்டி, பட்டனை அழுத்தி, அச்சடித்து, சுவரில் ஒட்டினேன். ‘நாளைக் காலைப் புரட்டுக்கு அனைவரும் தவறாமல் வரவும்’ என்று அது சுவரில் நின்றது.

எங்கள் ஆபீசின் பெரிய கிளாக்கர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் படித்தார்.

“என்னாங்க கம்பியூட்டர், நம்ம ஆபீஸ் புரட்டு வெளிய தெரிஞ்சு போச்சா?”

ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே போய் அதை ஒரு குறையாக எழுதி அனுப்பினேன். அப்படி அனுப்பும் ஒவ்வொரு குறைக்கும் கீழே ‘எனக்கும் இதே பிரச்சினை’ என்று ஒரு பட்டன் இருக்கும். உலகத்தில் எத்தனை சோதனையாளர்களுக்கு அதே பிரச்சினையோ அத்தனை பேரும் அழுத்தலாம். பக்கத்தில் எண்ணிக்கை காட்டும். மற்ற மொழிக்காரர்கள் எழுதியவற்றில் நூறு, ஆயிரம் என்று ஏறிக்கொண்டே போகும். என்னுடையதில் 1 என்று நின்றது. அந்த ஒன்று நான். ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன், 1. பெரட்டு என்கிற சொல் பிரச்சினையாக இருக்கிற இன்னோர் ஆள் உலகத்தில் இல்லை.

அந்தச் சமயத்திலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நம்முடைய சொல் இதற்குத் தெரியாது, நம் ஆட்களுடைய பெயரும் தெரியாது என்று ஒரு சின்னக் குழந்தைகூட யோசித்திருக்கும். நான் யோசிக்கவில்லை. அதற்கும் ஒரு கதை உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். என் அப்பாவின் பெயர் தோட்டத்துப் பதிவில் ‘செவனு’. பதுளைப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். “சிவனா, செவனா?” என்று வாத்தியார் உரக்கக் கேட்க, வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து தோட்டத்து எழுத்தைக் கண்டாலே எனக்குக் கூச்சம். எவனோ அரைகுறையாகப் படித்த கணக்கப்பிள்ளை வாயில் வந்ததை எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டான், அதைத் திருத்துவதற்குத்தான் நான் படித்தேன் என்று ஓர் எண்ணம் உள்ளே கிடந்தது. நான் நல்லது செய்வதாகவே நினைத்தேன்.

எங்கள் தோட்டத்தில் மேட்டு லயம் என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் பன்னிரண்டு, மறு பக்கம் பன்னிரண்டு, ஆக இருபத்து நான்கு காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. அதன் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் அங்கே இருக்கிறவர்களைக் கீழே கட்டிய புது வீடுகளுக்கு மாற்றிவிட வேண்டும் என்று பிரதேச செயலகத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். குடும்பத் தலைவர்களின் பெயர்ப் பட்டியலைக் கணினியில் அடித்துத் தமிழில் கேட்டார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் துண்டுச் சீட்டு கிடைக்கும், அந்தத் துண்டு இருந்தால் வீடு. விஷயம் அவ்வளவுதான்.

பழைய பட்டியல் ஒன்று எனக்கு முன்னால் இருந்தவர் கைப்பதிவேட்டைப் பார்த்து அடித்து வைத்தது. அதில் சில வரிகள் இரண்டு தரம் விழுந்திருந்தன. எழுத்தோ ஒரே தோட்டத்து எழுத்து. செவனு, ராமாயி, லெட்சுமி, லெச்சுமி. பட்டனை அழுத்தினேன். செவனு சிவன் ஆனார். என் அப்பாவே ஒரு படி உயர்ந்த மாதிரி எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பிறகு, இரட்டையாக விழுந்த வரிகளை நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன். இருபத்தொரு பெயர் மிஞ்சியது. இருபத்து நான்கு காம்பராவுக்கு இருபத்தொரு பெயரா என்று ஒரு கணம் தோன்றியது. மூன்று காம்பரா காலியாக இருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். ஜன்னலைத் திறந்தால் மேட்டு லயம் தெரியும். ஏறிப் போய்ப் பார்க்க இருபது நிமிஷம். போகவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை செயலகத்திலிருந்து துண்டு கொடுக்க வந்தார்கள். ஆபீஸ் முற்றத்தில் மேசை போட்டு, உத்தியோகத்தர் பெயர் வாசித்தார். வந்திருந்தது ஓர் அம்மா. பொறுமையானவர், ஆனால் கறாரானவர். “லட்சுமி” என்று வாசித்ததும் ஒரு பெண் வந்து துண்டை வாங்கிப் போனாள். பட்டியல் முடிந்தது. முடிந்ததுதான் தாமதம், கூட்டத்திலிருந்து ஓர் ஆள் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

“என் பொஞ்சாதி பேரு எங்கங்க?”

“லட்சுமிதானே? வாங்கிட்டுப் போய்ட்டாங்களே” என்றார் அந்த அம்மா.

“அது லானா லட்சுமிங்க! என் பொஞ்சாதி டானா லெட்சுமி!”

அவனுக்குப் பின்னாலேயே இன்னொரு வீட்டு மகன் வந்தான். “எங்கம்மா ஈனா இலட்சுமிங்க. அவங்க பேரும் வரல.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் பெரிய கிளாக்கரைப் பார்த்தேன். அவர்தான் விளக்கினார். “அது முந்தி இருந்த கணக்கப்பிள்ளை பண்ணுன வேலைங்க. பெரட்டுல லெச்சுமின்னு கூப்பிட்டா எல்லாருமா வந்து நிப்பாளுக. அவரு ஒவ்வொருத்திக்கும் ஒரு எழுத்தக் குடுத்துட்டாரு. கூப்பிடறதும் அந்த எழுத்த வச்சு, பதியறதும் அந்த எழுத்த வச்சு.”

அரைகுறை என்று நான் நினைத்த அந்த மனுஷன், ஒரே பெயர்க்காரப் பெண்களை ஒருத்தியோடு ஒருத்தி குழம்பாமல் காப்பாற்றுவதற்கு வேண்டுமென்றே வேறு வேறாக எழுதியிருக்கிறார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் பிரித்து வைத்ததை என் பிழைதிருத்தி ஒன்றாக்கியது. ஒன்றானதை இரட்டை வரி என்று நான் நீக்கிவிட்டேன்.

பெரிய கிளாக்கர் என் காதோரம் குனிந்தார். “மெஷின் பிழைன்னு சொல்லிருங்க. யாரு போய் மெஷினக் கேக்கப் போறா?”

சொன்னேன். மெஷின் பிழையால் இரண்டு பெயர் விடுபட்டது என்று தோட்டத்துத் தாளில் கடிதம் எழுதி, தோட்டத்து மானேஜர் தொரையிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அந்த அம்மா இரண்டு பெயரையும் அங்கேயே சேர்த்துத் துண்டு கொடுத்தார். வேலை முடிந்தது என்று பெருமூச்சு விட்டேன். ஒவ்வொருத்திக்கும் ஓர் எழுத்து என்று கிளாக்கர் சொன்னாரே, மொத்தம் எத்தனை எழுத்து என்று நான் கேட்கவில்லை. கையில் துண்டு கிடைத்தவர்கள் அவரவர் சாமான் கட்ட ஓடினார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஒரு நாள்கூட நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மழை பிடித்துவிட்டது. ஆபீசைத் திறந்ததும், மனசு உறுத்தியதால், நடந்ததை ஒரு குறையாக எழுதி அனுப்ப உட்கார்ந்தேன். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி வரும்: ‘இந்தப் பிழையை மறுபடி உண்டாக்குவது எப்படி? படிப்படியாக எழுதவும்.’ நம் தொழிலில் இதைவிட நல்ல கேள்வி கிடையாது. மனசாட்சியைக்கூட இப்படித்தான் கேட்க வேண்டும். அலமாரியிலிருந்து கைப்பதிவேட்டை எடுத்து, மேட்டு லயத்துப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகத் தட்டினேன். லட்சுமி, கோடு விழவில்லை. லெட்சுமி, சிவப்புக் கோடு. இலட்சுமி, சிவப்புக் கோடு. கடைசி வரியில் இன்னொன்று இருந்தது. லெச்சுமி, இருபத்து நான்காம் காம்பரா. சிவப்புக் கோடு.

நேற்று ஒருத்தி துண்டு வாங்கினாள். இரண்டு பேரைச் சேர்த்தோம். பதிவேட்டில் நான்கு பேர். இதைக் கணக்குப் பார்க்கக் கணினி வேண்டாம், ஒரு கை விரல் போதும். அன்றைக்கு மூன்று மணிக்குப் பட்டியல் பதுளைக்குப் போய்விடும், போனபிறகு யாரையும் சேர்க்க முடியாது என்று அந்த அம்மா முந்தின நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

குடையை எடுத்துக்கொண்டு மேட்டு லயத்துக்கு ஏறினேன். எதிரே சனங்கள் சட்டிபானைகளையும் மழைக்குப் படங்கு மூடிய பெட்டிகளையும் தலையில் வைத்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். லயத்தில் பாதிக்கு மேல் கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. கோடிக் காம்பராவின் முன் தாழ்வாரத்தில், எங்கள் பக்கத்தில் இஸ்தோப்பு என்போம், ஒரு பெண் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு வெடிப்பு. கையை நுழைக்கலாம் போல இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

“நீங்க லெச்சுமியா?”

“ஆமாங்கய்யா. சானா லெச்சுமி.”

“நேத்து துண்டு வாங்க வரலியா?”

“வந்தேங்க. பேரு கூப்பிடல.”

“டானா லெட்சுமி வீட்டுல வந்து சத்தம் போட்டாங்களே. நீங்க ஏன் கேக்கல?”

அவள் சுளகைக் கீழே வைத்தாள். “அவுகளுக்குக் கேக்க ஆளு இருக்குங்க. புருசன் செத்துப் பத்து வருசமாச்சு, பிள்ள குட்டி இல்ல. கூப்பிடலைன்னதும், சரி, நமக்கு இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டு வந்துட்டேன்.”

தம்பிமாரே, தங்கைமாரே, முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலை பார்த்தேன். எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். தொரைமார் மேசையில் அடித்துக் கத்தியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றும் ஞாபகம் இல்லை. ‘நமக்கு இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டு வந்துட்டேன்’ என்று அவள் கோபமே இல்லாமல் சொன்னது மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. சத்தம் போடுகிறவனுடைய பிழையை நாம் எப்படியும் திருத்திவிடுவோம். சத்தம் போடாதவர்கள் யார் என்று தேடிப் போவதுதான் நம் வேலை.

“அடையாள அட்டைய எடுத்துக்கிட்டு வாங்க, போவோம்” என்றேன்.

“எங்கங்க?”

“ஒங்க பேரச் சேக்கறதுக்கு.”

செயலகத்துக்குப் போகிற பஸ் மெதுவாக இறங்கியது. வளைவுக்கு வளைவு மண் சரிந்து கிடந்தது. அவள் ஜன்னலோரம் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொல்வது என்று யோசித்தேன். ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம். ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் போய்விட வேண்டும் என்று ஆசை. ‘இன்னொரு மெஷின் பிழை’ என்று சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் அப்போதும் நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நல்லவனாக நான் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

செயலகத்தில் அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணி தாண்டியிருந்தது.

“நேத்து ரெண்டு பேர்னு கடிதம் தந்தீங்க. இன்னைக்கு மூணாவது ஆளக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. நாளைக்கு நாலாவது வருவாங்களா?”

“இல்லைங்க மேடம். இதோட சரி.”

“எப்படிச் சொல்றீங்க? மெஷின் பிழைன்னா எத்தனை பேர் விடுபட்டாங்கன்னு மெஷினுக்குத்தானே தெரியும். மேலே கேட்டா நான் என்ன சொல்ல? என்ன நடந்தது, யார் செஞ்சதுன்னு எழுதித் தாங்க. அப்பத்தான் சேக்க முடியும்.”

அவர் கேட்டது நியாயம். நான் திரும்பிப் பார்த்தேன். சானா லெச்சுமி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். கதிரை காலியாக இருந்தும் உட்காரவில்லை. இது நடக்காது என்று தெரிந்துகொண்டு, என் மனசு நோகக் கூடாதே என்று கூட வந்தவள் போல நின்றாள். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

எழுதினேன். வெளியிடப்படாத சோதனைப் பதிப்பை விதிக்கு மாறாக ஆபீஸ் கணினியில் போட்டது நான். பெயர்களைத் திருத்தியது நான். திருத்தியதால் ஒன்றாகிப்போன பெயர்களை நீக்கியதும் நான். நேற்று ‘மெஷின் பிழை’ என்று எழுதியது பொய். பெயர்கள் மொத்தம் நான்கு என்று கைப்பதிவேட்டில் இன்று காலை நேரில் பார்த்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. முப்பது வருஷத்தில் நான் எழுதிய ஒழுங்கான அறிக்கை அது ஒன்றுதான்.

அந்த அம்மா படித்தார். தன் கணினியில் பெயரை அடித்தார். பிறகு நிமிர்ந்தார்.

“லெச்சுமி... எழுத்து இதுதானா? பிழை மாதிரி இருக்கே.”

“சரிதாங்க. சானாதான்” என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவள். அந்த ஓர் எழுத்து மட்டும் அவளுக்குத் தெரியும். சிவன் ஆக்கி வைத்த செவனுவையும் மற்றப் பெயர்களையும் அப்போதே பழையபடி எழுத்து எழுத்தாகச் சொல்லி மாற்றுவித்தேன்.

கடிதம் நம் பதுளை ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. கணினியை என் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். மீதி ஏழு மாதமும் வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். காலையில் திரையில் வருகிற அந்த வணக்கமும் போயிற்று. பெரிய கிளாக்கர் மட்டும் ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளி, “இதெல்லாம் யாருங்க எழுதிக் குடுக்கச் சொன்னா?” என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், ஆனாலும் கோப்பையைத் தள்ளினாரே. எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். ரொம்ப வருத்தமாக இருந்தது. செய்தது சரி என்று தெரிவதும் மனசுக்கு ஆறுதலாக இருப்பதும் வேறு வேறு என்று அப்போதுதான் கண்டுகொண்டேன்.

அந்த மார்கழியில் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் மேட்டு லயத்தின் கோடி இரண்டு காம்பரா மண்ணோடு போனது. இருபத்து மூன்றும் இருபத்து நான்கும். உள்ளே ஒருவரும் இல்லை.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். பிழை என்று ஒன்றைக் கண்டால், திருத்துவதற்கு முன்னால், எழுதியவன் எதற்காக இப்படி எழுதினான் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவன் செத்திருந்தால், யாருக்காக எழுதினானோ அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் ஜன்னலுக்கு வெளியேதான் இருப்பார்கள்.

இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால், அந்த வெள்ளிக்கிழமை பாதியில் விட்டுவிட்டு ஓடின படிவத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. திங்கட்கிழமை, மெஷினைப் பிடுங்குவதற்கு முன்னால், அதை முடித்து அனுப்பினேன். ஒரு மாதத்தில் பதில் வந்தது: ‘திட்டமிட்டபடியே இயங்குகிறது.’ பிறகு அந்த இயங்குதளம் உலகமெங்கும் வெளியானது. என் குறை அந்தத் தளத்தில் அப்படியே கிடந்தது. ஓய்வு பெற்றபின் நான் எல்ல என்கிற ஊர்ப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டேன். வேறு வேலை இல்லாத பகல்களில் போனில் அதைத் திறந்து பார்ப்பேன். ‘எனக்கும் இதே பிரச்சினை: 1.’

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏன் என்று தெரியாது, பஸ் ஏறி அந்தத் தோட்டத்துப் புது வீடுகளுக்குப் போனேன். சானா லெச்சுமி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். கதிரை போட்டாள், தேத்தண்ணி ஊற்றினாள்.

“ஐயா தனியாவா இருக்கீங்க?”

இதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. ஆமாம் என்றேன். பேச்சை மாற்றப் போனை எடுத்து அந்தக் குறையை அவளுக்குக் காட்டினேன், அன்றைக்கு நடந்தது எல்லாம் இதில்தான் எழுதியிருக்கிறது என்று. போனிலும் அதே பிழைதிருத்தி வந்துவிட்டிருந்தது. அவளுடைய பெயரைத் தட்டிக் காட்டினேன்.

“கீழ செவப்பா என்னாங்க?”

“தப்புன்னு சொல்லுது.”

“எம் பேரையா? அதுக்கு என்னையத் தெரியுமா?”

‘அகராதியில் சேர்’ என்பதை அழுத்தினேன். என் போனிலாவது கோடு போனது. பிறகு, அந்த ஒன்று என்ற எண்ணைப் பற்றிக் கேட்டாள். இந்தப் பிரச்சினை இருக்கிற ஆட்களின் தொகை, அது நான் மட்டும்தான் என்றேன்.

“என்னங்க இது, எனக்கும்தானே இருந்துச்சு? என்னையும் சேத்துக்கங்க.”

அவள் பெயரிலேயே ஒரு கணக்குத் திறந்தேன். சானா போட்டுத்தான். போனை அவள் கையில் கொடுத்துப் பட்டனைக் காட்டினேன். கொழுந்து பறித்துக் கறுத்த விரலால் அவள் அதை மெதுவாக ஒரு தரம் அழுத்தினாள். ஒன்று இரண்டானது.

“ரெண்டு பேருதானாங்க?”

“ரெண்டு பேருதான்.”

“போதுங்கய்யா” என்றாள், போனை முந்தானையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே. “ஒண்ணா இருந்ததுக்கு ரெண்டு எவ்வளவோ தேவல.”